கரண்ட் வரக்கூடாது என்று ஜெபித்தவன்

அன்று முற்பகல் கொட்டாஞ்சேனை முழுவதும் கரண்ட் வரவேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தது. ஐஸ்கிரீம் கடைக்காரர், பாதி வெட்டிய தலையோடு ஆளை உட்கார வைத்திருந்த சலூன்காரர், நின்றுபோன ஃபேனுக்குக் கீழே பிள்ளையைக் கிடத்தியிருந்த தாய்மார், எல்லாரும். நான் ஒருவன்தான் வரக்கூடாது என்று ஜெபித்தேன். என் இடது கையின் மூன்று விரல்கள் அப்போது ஒரு இரும்பு மெஷினின் வாய்க்குள் இருந்தன. வாய் முழுதாக மூடவில்லை. கரண்ட் வந்தால் மூடிவிடும்.

அன்பான சகோதர சகோதரிகளே, நான் எழுதித் தருகிற இந்தச் சாட்சி இரண்டு வருடம் பிந்தி வருகிறது. சோம்பல் காரணமில்லை. இது முக்கால்வாசி பொறாமையைப் பற்றிய சாட்சி. பொறாமைக்காரன் காயத்தைக் காட்டுவான், வயிற்றெரிச்சலைக் காட்டமாட்டான். என் விரலை நீங்கள் எல்லாரும் ஜெபக் கூட்டத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டீர்கள். இன்று மற்றதையும் பாருங்கள்.

யாழ்ப்பாணத்தில் நான் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கிளாக்கர். யுத்தம் எங்களைக் கிளப்பியபோது என் கையில் ஒரு சூட்கேஸும் ஒரு பெட்டி புத்தகமும் இருந்தன. கூட என் மனுசி ராணி. கிளாலிக் கடல்நீரேரியில் படகுக்காரன் பாரம் கூடிப்போச்சு, ஏதாவது ஒன்றை இறக்குங்கோ என்றான். நான் சூட்கேஸை இறக்கினேன். ராணியின் சேலைகள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. அவள் இதை இன்றுவரை மன்னிக்கவில்லை. மன்னிப்பைப் பற்றி அவள் பெண்கள் கூட்டத்தில் பேசும்போது நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது அதனால்தான்.

வெள்ளவத்தையில் கடல் தெரியும் என்று சொல்லி ஒரு அறை தந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே கழுத்தை நீட்டி வளைத்தால் ரயில் பாதை தெரிந்தது. எனக்குச் சிங்களம் தெரியாது. நாற்பத்தாறு வயதில் சிங்களம் தெரியாத கிளாக்கருக்குக் கொழும்பில் வேலை இல்லை. நம் பாஸ்டர்தான் தனக்குத் தெரிந்த ஒரு ஹாஜியாரிடம் கேட்டு, கொட்டாஞ்சேனையில் அவருடைய பட்டறையில் சேர்த்துவிட்டார். கதவுப் பிணைச்சலும் கொண்டியும் அடிக்கிற பட்டறை. அந்தக் காலத்தில் நாட்டில் பாதிப்பேர் வீட்டைப் பூட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள், மற்றப் பாதிப்பேர் உள்ளே இருந்து பூட்டிக்கொண்டிருந்தார்கள். கொண்டிக்கு நல்ல கிராக்கி.

மெஷினைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் மடத்தனத்தின் அளவு உங்களுக்கு விளங்காது. அதற்குப் பெயர் பிரெஸ். பக்கத்தில் ஒரு பாரமான இரும்புச் சில்லு, மோட்டரில் சுற்றிக்கொண்டே இருக்கும். தகட்டுத் துண்டைக் கீழ் அச்சில் வைத்துக் காலால் மிதித்தால், சில்லின் பலம் முழுவதும் மேல் அச்சில் இறங்கி டங் என்று ஒரு அடி. கொண்டி தயார். துண்டைக் குறட்டால் பிடித்துத்தான் வைக்க வேண்டும், விரலால் வைக்கக்கூடாது. இதை ஹாஜியார் முதல் நாளே சொன்னார். சுவரில் எழுதியும் ஒட்டியிருந்தார். அதில் இருந்த எழுத்துப் பிழையைத் திருத்தியவன் நான்.

என் பக்கத்து மெஷின் அருள்தாஸுடையது.

அருள்தாஸை உங்களுக்குத் தெரியும். முன்வரிசையில் இருப்பான், கைதட்டும்போது மற்றவர்களைவிட அரை நொடி முந்தித் தட்டுவான். ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, எட்டாம் வகுப்போடு கொழும்புக்கு வந்து, மட்டக்குளியில் குடியிருக்கிறவன். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவன். நான் முன்பு கிளாக்கர் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து என்னைக் ‘கிளாக்கரையா’ என்றுதான் கூப்பிடுவான். தோட்டத்தில் கிளாக்கர் என்றால் பெரிய ஆள் என்று நினைத்து மரியாதையாகத்தான் சொன்னான். குறட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறவனுக்கு அந்த மரியாதை காதில் எப்படி விழும் என்று யோசித்துப் பாருங்கள்.

அவன் அடிக்கும் வேகம் வேறு. கால் மிதிப்பதும் கை எடுப்பதும் ஒரே பாட்டுக்குத் தாளம் போடுவதுபோல் இருக்கும். ஹாஜியாரிடம் ஒரு வழக்கம் இருந்தது. பின்னேரம் ஒவ்வொருவருடைய பெட்டியையும் தராசில் வைப்பார். ஆகப் பாரமான பெட்டி யாருடையதோ அவனுக்குத்தான் இஞ்சி போட்ட பிளேன்ரீயின் முதல் கோப்பை. மற்றவர்களுக்கும் அதே தேத்தண்ணீர்தான், அதே கேத்தலிலிருந்துதான், ஒரு நிமிடம் பிந்தி. அந்த ஒரு நிமிடத்துக்காக நான் என் விரல்களைக் கொடுக்கப் பார்த்தேன் என்றால் நம்புவீர்களா? நம்புங்கள். ஹாஜியார் ஒவ்வொரு நாளும் கோப்பையை நீட்டி, “இந்தாங்க அருளு, மொதல் கோப்ப ஒங்களுக்குத்தான்” என்பார். நான் இரண்டாவது கோப்பையை வாங்கி, ஆறிப்போயிருக்கிறது என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். நாக்குச் சுடும்.

பட்டறையில் தோற்றால் சபையிலாவது வெல்லலாம் என்று பார்த்தால், அங்கேயும் அவன்தான். ஞாயிறு ஆராதனை முடிவில் பாஸ்டர், “சாட்சி சொல்ல ஆர் இருக்கினம்?” என்று கேட்பார். அந்தக் கேள்வி முடியுமுன் அருள்தாஸ் எழும்பியிருப்பான். பிள்ளையின் காய்ச்சல் ஜெபத்தில் இறங்கியது. அரிசிப் பானை காலியான அன்று எதிர்வீட்டிலிருந்து சோறு வந்தது. சுற்றிவளைப்பு நடந்த நாளில் தொலைந்த அடையாள அட்டை, மட்டக்குளி பஸ் கண்டக்டரின் கையால் ஆமி வீட்டுக்கு வருவதற்கு அரைமணி நேரம் முந்தித் திரும்பி வந்தது. பெண்கள் கண்ணைத் துடைப்பார்கள். என் மனுசியும் துடைப்பாள்.

என்னிடம் இருந்தது ஒரே ஒரு சாட்சி. நேவியின் சூட்டுக்குள் கிளாலியை உயிரோடு கடந்தது. எங்கள் சபையில் பாதிப்பேர் கிளாலியைக் கடந்தவர்கள். நான் அதைச் சொன்ன அன்று ஒரு அம்மா பக்கத்தில் இருந்தவரிடம், “எங்கட படகு தண்ணிக்குள்ள தாண்டே போனது” என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னுடையது எடுபடவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் ராணி ஆரம்பிப்பாள். “இஞ்சேருங்கோ, அந்த அருள்தாஸ் தம்பிக்கு எவ்வளவு விசுவாசம் பாத்தீங்களே.”

“அவனுக்கு இலக்கணம் வராது.”

“ஆண்டவர் என்ன சோதினையே வைக்கிறார்?”

வீட்டுக்குப் போய், கிளாலியில் காப்பாற்றிய பெட்டியைத் திறந்து புத்தகங்களைப் புரட்டினேன். அந்த நாட்களில் நான் செய்த ஜெபத்தை உள்ளபடி சொல்கிறேன். “ஆண்டவரே, அருள்தாஸுக்குக் கொடுத்தது போதும், இந்தப் பக்கமும் ஒருமுறை பாரும்.” அவர் இந்தப் பக்கம் பார்ப்பதற்கு என்ன தேவைப்படும் என்று நான் யோசிக்கவில்லை. சாட்சி வேண்டும் என்று கேட்கிறவன் முதலில் ஒரு ஆபத்தைக் கேட்கிறான். இதை எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை.

அப்போதுதான் மழை பொய்த்து, கொழும்பில் மின்வெட்டு வந்தது. பேப்பரில் நேர அட்டவணை போடுவார்கள். கரண்ட் அட்டவணையைப் படிப்பதில்லை. சில நாள் இரண்டு மணி நேரம் போகும், சில நாள் ஐந்து நிமிடத்தில் வந்து எல்லாரையும் ஏமாற்றிவிட்டுத் திரும்பிப் போகும்.

கரண்ட் போனாலும் சில்லு உடனே நிற்காது. பாரம் அப்படி. மோட்டர் செத்த பிறகும் கொஞ்ச நேரம் தன்பாட்டில் சுற்றும், வரவர மெதுவாகும். அந்த நேரத்துக்குள் அவசரமாக இன்னும் மூன்று, நான்கு துண்டு அடித்துவிடலாம். பிரெஸ்காரர்களுக்கு இது ஒரு விளையாட்டு. ‘போற சில்லில் அடிக்கிறது’ என்போம். செய்யக்கூடாத வேலை. கரண்ட் போன உடனே சுவிட்சை நிறுத்த வேண்டும், ஏனென்றால் எங்கள் சுவிட்ச் சுவரில் இருந்த பழைய காலத்துப் பிடிச் சுவிட்ச், நாமாக இறக்கினால் ஒழிய போட்டபடியே கிடக்கும். கரண்ட் எந்த நிமிடம் திரும்பி வருகிறதோ அந்த நிமிடம் மெஷினும் உயிர்க்கும். ஆனால் சுவிட்சை நிறுத்த இரண்டு எட்டு நடக்க வேண்டும். அந்த இரண்டு எட்டுக்குள் ஒரு கொண்டி அடித்துவிடலாம்.

அருள்தாஸ் மட்டும் போற சில்லில் அடிப்பதில்லை. கரண்ட் போனதும் சுவிட்சை இறக்குவான், கையைத் துடைப்பான், சட்டைப் பையிலிருந்து சின்ன வேதப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு முற்றத்துக் கொட்டங்காய் மரத்தடிக்குப் போய்விடுவான். கண்ணை மூடி உட்கார்ந்திருப்பான். அப்படி இருந்தும் பின்னேரம் அவன் பெட்டிதான் பாரம். களவாக அடித்து வென்றிருந்தால் எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. ஜெபித்துக்கொண்டே வென்றான்.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. பதினொன்றரை மணிபோல் கரண்ட் போனது. மற்றவர்கள் காற்று வாங்க முன் ஒழுங்கையில் இருந்த தேத்தண்ணிக் கடைக்குப் போனார்கள். அருள்தாஸ் வழக்கம்போல் சுவிட்சை இறக்கிவிட்டு மரத்தடிக்குப் போனான். போகும்போது, “வாங்களேன் கிளாக்கரையா, வெளிய காத்தாவது வரும்” என்றான். “நீ போ, வாறன்” என்றேன். அன்று காலையிலிருந்து நான் நன்றாக அடித்திருந்தேன். அவன் பெட்டியையும் என் பெட்டியையும் கண்ணால் அளந்து பார்த்ததில் அரைக் கை கொண்டிதான் வித்தியாசம். இன்றைக்கு முதல் கோப்பை எனக்கு என்று நாக்கில் இஞ்சி ருசியே வந்துவிட்டது.

சில்லு ஓடிக்கொண்டிருந்தது. ஒன்று அடித்தேன். இரண்டு. குறடு இடைஞ்சலாக இருந்தது, கீழே வைத்தேன். மூன்று, நான்கு, ஐந்து. கூரைத் தகட்டின் ஓட்டை வழியாக வந்த வெளிச்சம்தான் வெளிச்சம். சில்லு களைத்து மெதுவாகிவிட்டது. இன்னும் ஒன்று. ஆறாவது துண்டு சரியாக உட்காரவில்லை, சரிந்து நின்றது. விரலால் தள்ளினேன். கால் தன்பாட்டில் மிதித்துவிட்டது.

டங் என்று கேட்கவில்லை. ஈரச் சாக்கைக் கீழே போட்டதுபோல் ஒரு சத்தம். மேல் அச்சு மெதுவாக இறங்கி, சரிந்து நின்ற தகட்டில் சிக்கி, என் விரல்களின் மேல் நின்றுவிட்டது. சில்லும் நின்றுவிட்டது.

வலி உடனே வரவில்லை. முதலில் வந்தது வெட்கம். அதன்பிறகுதான் வலி வந்தது, அதைப் பற்றி எழுதுவதற்கு நான் படித்த புத்தகங்கள் ஒன்றும் உதவவில்லை. கையை இழுக்க முடியாது. குனிந்து பார்த்தேன். அச்சு முழுதாக மூடுவதற்கு ஒரு பேனா நிப்பின் கனம் மிச்சம் இருந்தது. அந்தக் கனத்துக்குள் என் மூன்று விரல்களின் எலும்பு இருந்தது.

அப்போதுதான் சுவிட்ச் ஞாபகம் வந்தது. தலையைத் திருப்பிப் பார்த்தேன். பிடி மேலே இருந்தது. போட்டபடி.

கரண்ட் வந்தால் மோட்டர் சுற்றும், மோட்டர் சில்லை இழுக்கும், சில்லு தொடங்கிய வேலையை முடிக்கும்.

கத்தினேன். அந்த நேரம் பார்த்து ஒழுங்கையில் வசதியுள்ள கடைகளில் ஜெனரேட்டர்களைப் போட்டுவிட்டார்கள். என் குரல் எனக்கே கேட்கவில்லை. காலை நீட்டிச் சுவிட்சை எட்டப் பார்த்தேன், ஒரு முழம் குறைந்தது. வலது காலில் இருந்த செருப்பைக் கழற்றி எறிந்தேன், சுவரில் பட்டு விழுந்தது. மற்றச் செருப்பையும் எறிந்தேன். அது ஹாஜியார் எழுதி ஒட்டிய அறிவித்தலில் பட்டது. எழுத்துப் பிழை இல்லாத அறிவித்தல்.

எறிவதற்கு வேறு ஒன்றும் இல்லாதபோது ஜெபித்தேன். “ஆண்டவரே, கரண்ட் வரக்கூடாது.” இவ்வளவுதான். அழகான ஜெபம் செய்யத் தெரிந்தவன் நான், சபையில் நான் ஜெபித்தால் பாஸ்டரே மணிக்கூட்டைப் பார்ப்பார். அன்று மூன்று சொல்தான் வந்தது. அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். இந்தக் கை போனால் ராணிக்கு யார்? சிங்களமும் இல்லை, கையும் இல்லை என்றால் இந்த ஊரில் நான் எதற்கு? வரக்கூடாது, ஆண்டவரே. வரக்கூடாது.

பிறகு, “யாரையாவது அனுப்பும்” என்றேன்.

சகோதரங்களே, இந்த இடத்தை நான் இரண்டு வருடமாக விழுங்கிக்கொண்டு திரிந்தேன். ‘யாரையாவது அனுப்பும்’ என்று வாய் சொன்னது. உள்ளே இன்னொரு குரல், அதுவும் என்னுடையதுதான், ‘அருள்தாஸைத் தவிர’ என்றது. விரல் மூன்றும் இரும்புக்குள் இருக்கும்போது எனக்கு அந்த யோசனை வந்தது. அவன் வந்து காப்பாற்றினால் ஞாயிற்றுக்கிழமை அதையும் சாட்சியாகச் சொல்லிவிடுவானே என்று.

வாசலில் நிழல் விழுந்தது. அருள்தாஸ்.

அவன் என்னைப் பார்க்கவில்லை, நேரே சுவிட்சைப் பார்த்தான். ஓடிப்போய்ப் பிடியை இறக்கினான். பிறகுதான் என் பக்கம் வந்தான். “ஐயோ கிளாக்கரையா! கைய இழுக்காதீங்க, சும்மா இருங்க.” ஒரு இரும்புக் கம்பியை எடுத்துச் சில்லின் ஆரக்காலுக்குள் கொடுத்தான்.

“திருப்பு, கெதியாத் திருப்பு!” என்று நான் அலறினேன்.

“முன்னுக்குத் திருப்பினா வெரல் போயிரும்ங்க. பின்னுக்குத்தான் திருப்பணும். கொஞ்சம் பொறுங்க.” காலைச் சுவரில் ஊன்றி, தன் முழுப் பாரத்தையும் கம்பியில் போட்டுப் பின்பக்கமாக அழுத்தினான். சில்லு அசையவில்லை. திரும்ப அழுத்தினான். கழுத்து நரம்பு எழும்பியது. “இயேசப்பா” என்றான். சில்லு ஒரு விரற்கடை பின்னால் வந்தது, அச்சு எழும்பியது, என் கை வெளியே வந்தது.

அவன் என் கையைத் தன் சட்டையால் சுற்றிக்கொண்டிருக்கும்போது தலைக்கு மேலே டியூப்லைட் இரண்டுதரம் கண்ணடித்துவிட்டு எரிந்தது. கரண்ட் வந்துவிட்டது. தெருவில் பிள்ளைகள் ஹோ என்று சத்தம் போட்டார்கள். என் மெஷின் ஒரு சத்தமும் போடாமல் நின்றது. நாங்கள் இருவரும், அவன் இறக்கிய பிடியைப் பார்த்தோம்.

த்ரீவீலரில் போகும் வழியில் ஒரு சோதனைச் சாவடி. ஆமிக்காரன் உள்ளே எட்டிப் பார்த்தான். மேல்சட்டை இல்லாத ஒருவன், ரத்தம் ஊறிய துணிக்குள் கையை ஒளித்துக்கொண்டு இன்னொருவன், இருவரும் தமிழர். அந்த நாட்களில் சந்தேகப்பட அதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. “மொகத மே?” என்றான், என்ன இது என்று. கொழும்பில் தங்குவதற்கான என் பொலிஸ் பதிவுத் துண்டு சட்டைப் பைக்குள் ரத்தத்தில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. அருள்தாஸ் இறங்கினான். “வெட பொலே மெஷின் எகட அத அஹுவுணா, மஹத்தயா,” வேலையிடத்து மெஷினில் கை அகப்பட்டுவிட்டது என்று சொல்லி, துணியை ஒரு ஓரம் விலக்கிக் காட்டினான். அந்த ஆமிக்காரன் சின்ன வயது. பார்த்ததும் முகம் வெளிறிப்போனது. விசிலை ஊதி முன்னால் நின்ற லொறியை ஒதுக்கச் சொல்லி எங்களை விட்டான். அந்த நிலையிலும், இவனுக்குச் சிங்களம் எவ்வளவு சுத்தமாக வருகிறது என்று எனக்குள் ஒன்று முணுமுணுத்தது. பொறாமைக்கு ரத்தம் போவது தெரிவதில்லை.

ஆஸ்பத்திரியில் நடுவிரலின் நுனி போனது. மற்ற இரண்டையும் தைத்துக் கம்பி வைத்துக் காப்பாற்றினார்கள். டொக்டர் தமிழர். “மெஷின் நல்ல வேகத்தில ஓடேக்கை அடிபட்டிருந்தா நான் தைக்க ஒண்டும் மிச்சம் இருந்திராது. பிறகு கரண்ட் வந்திருந்தாலும் அதே கதைதான். ஆர் சுவிட்சை நிப்பாட்டினது?” என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் ராணி சொன்னாள்: “அருள்தாஸ் தம்பி.”

ஞாயிற்றுக்கிழமை நான் கட்டோடு அறையில் கிடந்தேன். ராணி மட்டும் சபைக்குப் போய் வந்தாள். கண் சிவந்திருந்தது.

“அருள்தாஸ் தம்பி சாட்சி சொன்னவர். சபையே அழுதது.”

“எதைப் பற்றி?” தெரிந்துகொண்டே கேட்டேன்.

“வேற என்ன, உங்கட கையைப் பற்றித்தான். மரத்தடியில ஜெபிச்சுக்கொண்டிருக்கேக்கை, எழும்பி உள்ள போ எண்டு ஒரு குரல் கேட்டதாம்.”

நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். விரல் என்னுடையது. வலி என்னுடையது. ஜெபித்தது நான். குரல் அவனுக்குக் கேட்டதாம். இவ்வளவு காலம் காத்திருந்து ஒரு சாட்சி வந்தது, அதையும் அவன் சொல்லிவிட்டான்.

வியாழக்கிழமை பின்னேரம் அருள்தாஸ் வெள்ளவத்தைக்கு வந்தான். கையில் இரண்டு செவ்விளநீர். கதிரையின் நுனியில் உட்கார்ந்தான். ராணி தேத்தண்ணீர் போடக் குசினிக்குப் போனதும் குனிந்துகொண்டே சொன்னான்.

“கிளாக்கரையா, சபையில ஒரு பொய் சொல்லிட்டேங்க.”

“என்ன பொய்?”

“கொரல் ஒண்ணும் கேக்கலீங்க.”

எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. சந்தோஷத்தில்.

“நான் மரத்தடியில உக்காந்து ஜெபம் பண்றேன்னுதானே எல்லாரும் நெனைக்கிறீங்க? கண்ணைத்தான் மூடுவேன். காது உள்ளதான் இருக்கும். நீங்க போற சில்லுல எத்தன அடிக்கிறீங்கன்னு எண்ணிக்கிட்டிருப்பேன். அடுத்த நாளு வெள்ளனே வந்து அத்தனையும் சேத்து அடிச்சு வச்சிருவேன். அன்னைக்கு அஞ்சு டங்கு கேட்டுச்சு. ஆறாவது டங்கு கேக்கல, வேற ஏதோ மாதிரி கேட்டுச்சு. ஆறு அடிச்சாரா, அஞ்சோட நின்னாரான்னு பாக்கத்தான் வந்தேன். பெட்டியப் பாக்க வந்தேங்க. உங்களப் பாக்க வரல.”

“உனக்கு என்னில என்ன எரிச்சல்? முதல் கோப்பை உனக்குத்தானே.”

அவன் நிமிர்ந்து பார்த்தான். “நீங்க படிச்சவருங்க. பாஸ்டர் வாசிக்கச் சொல்லி உங்களத்தான் கூப்புடுறாரு. கடுதாசி நிரப்ப எல்லாரும் உங்ககிட்டத்தான் வர்றாங்க. எங்கப்பா கிளாக்கரையா முன்னால உக்காந்ததே இல்ல. எனக்கு இருக்கிறது அந்த ஒரு பெட்டிதான். அதையும் நீங்க எடுத்துருவீங்களோன்னு...”

ராணி தேத்தண்ணீரோடு வந்தாள். முதல் கோப்பையை வழக்கம்போல் விருந்தாளிக்கு நீட்டினாள். அவன், “ஐயாவுக்குக் குடுங்கம்மா” என்றான்.

அவன் போனபிறகு நான் செய்ததைச் சொல்ல வேண்டும். இரண்டு நாள் அந்த ரகசியத்தை இனிப்புப்போல் வாய்க்குள் வைத்து உருட்டினேன். அருள்தாஸின் சாட்சி பொய். இது என் கையில் இருக்கிறது. ஒரு சொல் போதும், அவன் முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்குப் போய்விடுவான். சனிக்கிழமை பொறுக்க முடியாமல் ராணியிடம் சொல்லிவிட்டேன். அவள் அதிர்ந்துபோவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சிரித்தாள். சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நெடுநேரம் சிரித்தாள்.

“என்ன சிரிப்பு?”

“இல்லையப்பா, நீங்கள் அவரில எரிஞ்சு போற சில்லில அடிச்சீங்கள். அவர் உங்களில எரிஞ்சு எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறார். ஆண்டவருக்கு அண்டைக்குக் கையில அம்பிட்டது உங்கட ரெண்டு பேற்ற எரிச்சல் மட்டும்தான் போல. அதை வைச்சே உங்கட கையைக் காப்பாத்தியிருக்கிறார்.”

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “அவர் எண்ணாமல் உண்மையா ஜெபிச்சுக்கொண்டு இருந்திருந்தா உங்களுக்கு இப்ப கை இல்லை” என்றாள்.

அவள் சமைக்கப் போனாள். நான் ஜன்னலோரம் இருந்தேன். கும்பிடக் கையைச் சேர்த்தால் கட்டு இடித்தது. ஒரு கையை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு சொன்னேன்: “ஆண்டவரே, விரலைத் தந்தீர். அதற்கு நான் இன்னும் நன்றி சொல்லவில்லை, குரல் ஏன் எனக்குக் கேட்கவில்லை என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். இந்த எரிச்சலையும் எடுத்துவிடும். என்னால் முடியவில்லை.” அழுதேன். நான் அலங்காரம் இல்லாமல் செய்த இரண்டாவது ஜெபம் அது. முதலாவதுக்கு உடனே பதில் வந்தது. இதற்கு மறுநாள் வந்தது.

மறுநாள் பாஸ்டர், “சாட்சி சொல்ல ஆர் இருக்கினம்?” என்று கேட்டார். நான் எழும்பினேன். என் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அருள்தாஸுக்கு முந்தி எழும்பிவிட்டேன் என்று நினைத்து முன்வரிசையைப் பார்த்தால், அவனும் நின்றுகொண்டிருந்தான். முகம் பேயறைந்ததுபோல் இருந்தது. அவன் எதைச் சொல்லப் போகிறான் என்று எனக்குத் தெரியும். பாஸ்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து, “ஒராள் ஒராளாச் சொல்லுங்கோ. ஆர் முதல்?” என்றார்.

என் வாய்க்குள் எல்லாம் தயாராக இருந்தது. எனக்குப் பேச்சு வரும், அவனுக்கு வராது. நான் முதலில் சொன்னால் அவனுடைய பொய் என் வாயால் வெளிவரும், எவ்வளவு பக்குவமாகச் சொன்னாலும் அது ஒரு அடிதான். கட்டுப்போட்ட கை விண்விண் என்றது.

“அருள்தாஸ் முதல் சொல்லட்டும்,” என்றேன். உட்கார்ந்தேன்.

அவன் சொன்னான். நீங்கள் எல்லாரும் கேட்டீர்கள். தடுமாறித் தடுமாறி, குரல் கேட்கவில்லை, பெட்டியைப் பார்க்கத்தான் போனேன் என்று அழுதுகொண்டே சொன்னான். ஒருவரும் அவனைப் பின்வரிசைக்கு அனுப்பவில்லை. அவன் முடித்ததும் பாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் எழும்பி, “ஆண்டவர் என் கையைக் காப்பாற்றினார், அருள்தாஸை அனுப்பினார்” என்று மட்டும் சொன்னேன். ‘அருள்தாஸைத் தவிர’ என்ற பகுதியை அன்று சொல்லத் தைரியம் வரவில்லை. அவன் முழுவதையும் கொட்டிவிட்டான், நான் பாதியை வைத்துக்கொண்டேன். அந்தப் பாதியைத்தான் இன்று எழுதியிருக்கிறேன். போன கிழமை இதை அவனுக்கு வாசித்துக் காட்டினேன். அந்த இடம் வந்ததும், “என்னையத் தவிரவா?” என்று கேட்டு, மரத்தில் சாய்ந்து விழுந்து விழுந்து சிரித்தான்.

என் எரிச்சல் முற்றாகப் போய்விட்டது என்று சொன்னால் அது அடுத்த பொய்ச் சாட்சியாகிவிடும். அவன் பாட ஆரம்பித்தால் எனக்கு இன்னும் ஒரு பக்கம் சுருக்கென்கிறது. ஆனால் அது இப்போது எனக்குத் தெரிந்த வலி, மழைக்காலத்தில் விரல் நுனி இல்லாத இடம் குத்துவதுபோல். வந்தால், வந்துவிட்டாய் என்று சொல்லி ஆண்டவரிடம் காட்டிவிடுகிறேன். நான் கட்டு அவிழ்த்துத் திரும்பிப் போன நாளில் ஹாஜியார் முதல் கோப்பையை எனக்கு நீட்டினார். என் பெட்டி அன்று காலி. வாங்கி அருள்தாஸிடம் கொடுத்தேன். அவன் ஒரு வாய் குடித்துவிட்டுத் திருப்பித் தந்தான். அன்றிலிருந்து முதல் கோப்பை எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

இதை வாசிக்கிற உங்களில் யாராவது கண்ணை மூடிக்கொண்டு பக்கத்து ஆளின் அடிகளை எண்ணிக்கொண்டிருக்கலாம். யாராவது பக்கத்து ஆளை முந்துவதற்காகப் போற சில்லில் விரலை வைத்துக்கொண்டிருக்கலாம். இரண்டு பேருக்கும் நான் சொல்வது, உள்ளதை உள்ளபடி ஆண்டவரிடம் சொல்லுங்கள். அழகாகச் சொல்ல வேண்டாம். மூன்று சொல் போதும். அவர் அனுப்புகிற ஆள் உங்களுக்குப் பிடிக்காத ஆளாக இருந்தால் வாசலிலேயே நிறுத்திவிடாதீர்கள்.

பட்டறையில் வேலை செய்கிற சகோதரருக்கு மட்டும் இன்னொன்று. கரண்ட் போனால் முதலில் சுவிட்சை இறக்குங்கள், பிறகு ஜெபியுங்கள்.

இப்போதும் கரண்ட் போகிறது. நாங்கள் இரண்டு பேரும் பிடியை இறக்கிவிட்டு மரத்தடிக்குப் போகிறோம். உள்ளே இரண்டு சில்லும் தன்பாட்டில் சுற்றிச் சுற்றி மெதுவாகும். அந்தச் சத்தம் முழுதாக அடங்கும்வரை நாங்கள் ஆண்டவரிடம் ஒன்றும் கேட்பதில்லை, ஒன்றும் எண்ணுவதுமில்லை. அடங்கிய பிறகுதான் அருள்தாஸ், “ஜெபத்த ஆரம்பிங்க கிளாக்கரையா” என்பான்.

“நீ ஆரம்பி,” என்பேன் நான்.